போலீஸ் இலாகாவில் ஒரு சிவில் மானேஜர்

வடசென்னையில் போலீஸ் ஸ்டேஷன் எங்கேயிருக்கிறதென்று எவரும் வழி கேட்க வேண்டுவதில்லை. துருவேறிய மோட்டார் சைக்கிள்களும், சக்கரம் இழந்த ஆட்டோக்களும், கண்ணாடி உடைந்த லாரிகளும் எந்தச் சுவரோரம் குவிந்து கிடக்கின்றனவோ, அதுவே ஸ்டேஷன். துறைமுகத்திற்கும் எண்ணூருக்கும் ஓயாது கன்டெய்னர் லாரிகளும், எண்ணெய்க் கிடங்குகளுக்கு டாங்கர்களும் சென்றுவரும் தண்டையார்பேட்டைப் பகுதியில் விபத்துக்களுக்கும் குறைவில்லை; ஆகவே அக்குவியலுக்கும் குறைவில்லை.

சில மாதங்களுக்கு முன் இவ்வூர் லாரிக்காரர் ஒருவர் நம்மைக் காண வந்தார். வழக்கொன்றில் பிடிபட்ட தமது வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்படி மாஜிஸ்ட்ரேட்டிடம் உத்தரவு பெற்றிருந்தார். உத்தரவுடன் மூன்று நாள் ஸ்டேஷனுக்கு நடந்தும் வண்டி கிடைக்கவில்லை. மறுத்தவர் எவருமில்லை, எல்லோரும் மரியாதையாகவே பேசினார்களாம். ஆனால் சாவி ரைட்டரிடம் இருந்தது; ரைட்டரோ ஊர்வல பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்.

ஸ்டேஷன் ரைட்டர் என்பவர் யார்? குமாஸ்தா அல்லர். கவாத்துப் பழகி, லத்தி பிடிக்கப் பயிற்சி பெற்ற போலீஸ்காரர். முதல் தகவல் அறிக்கை எழுதுவதும், கேஸ் டயரியை ஒழுங்கு செய்வதும், கைப்பற்றிய சொத்துக்களைப் பதிவதும், கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவர் தலையிலேயே விழுகின்றன. வேப்பேரியிலுள்ள கமிஷனர் ஆபீஸில் சம்பளப் பட்டியலையும் கோப்புக்களையும் கவனிக்க அமைச்சுப் பணியாளர் என்ற சிவில் உத்தியோகஸ்தர் உளர். பிரஜை நேரில் வந்து நிற்கும் ஸ்டேஷனிலோ அவ்வித ஆள் ஒருவருமில்லை. போலீஸ் படைக்கு ஆள் போதவில்லையென்று ஒருபுறம் முறையிடுகிறார்கள். மறுபுறம் பயிற்சி பெற்ற ஆளைப் பேரேட்டின் முன் உட்கார்த்தி வைக்கிறார்கள். 1979-லேயே ரத்தாகிவிட்டதென்று சொல்லப்பட்ட ஆர்டர்லி முறையை ஒழிக்கச் சென்னை ஹைகோர்ட்டு 2022-ல் மறுபடியும் கண்டிப்புடன் உத்தரவிட வேண்டியிருந்ததை நேயர்கள் அறிவார்கள். அந்த அநீதி கண்ணுக்குத் தெரிவது. இந்த விரயம் கண்ணுக்குத் தெரியாதது.

ஒவ்வொரு போலீஸ் மாவட்டத்திற்கும் சீருடை அணியாத சிவில் மானேஜர் ஒருவரை நியமித்து, ஸ்டேஷன்களின் தஸ்தாவேஜுகள், சொத்து அறை, வாகனங்கள், கணக்கு ஆகியவற்றை அவர் வசம் ஒப்புவிக்க வேண்டுமென்பதே நம் கோரிக்கை. ஒரே இலாகாவில் இரண்டு எஜமானர்களா என்று உடனே ஆக்ஷேபிப்பார்கள். இதற்குப் பதில் லண்டன் மாநகரிலேயே இருக்கிறது. 1829-ல் அந்நகரப் போலீஸை நிறுவியபோது, ரோவன் என்ற படைவீரரையும் மேய்ன் என்ற வக்கீலையும் கமிஷனர்களாக்கியதோடு, பணம், கட்டிடம், ஒப்பந்தம் இவற்றுக்கு மட்டும் ரிசீவர் என்ற தனி உத்தியோகஸ்தரை ஏற்படுத்தினார்கள். முதல் ரிசீவரான ஜான் ரே என்பவரும் வக்கீலே. 1860 வரையில் அவர் அப்பதவியிலிருந்தார். பதவியோ 2000 வரையில் நிலைத்தது. கமிஷனர்களுக்கும் ரிசீவருக்கும் பிணக்குகள் நேர்ந்ததுண்டு, போலீஸ் குலைந்துவிடவில்லை. ஆங்கிலேயர் தம் தலைநகருக்கென்று வைத்துக்கொண்ட அந்த ஏற்பாட்டை நமக்குக் கொடுக்கவில்லை.

நமக்குக் கிடைத்தது வேறு. சென்னை ராஜதானியில் அக்காலத்தில் வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கைகளில் இருந்தன; வரி கட்டாத குடியானவன் சித்திரவதைக்கு ஆளானான். கஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார் நடத்திய ‘கிரசெண்ட்’ பத்திரிகையும், சென்னை சுதேசிகள் சங்கமும் இதை விடாது எடுத்துக் காட்டின. அதன் பயனாகப் பார்லிமெண்டில் விவாதம் எழுந்து, விசாரணைக் கமிஷன் நியமனமாகி, 1855-ல் அதன் அறிக்கை வெளிவந்தது. பின்னர் 1859-ம் வருஷச் சட்டத்தினால் போலீஸ் தனி இலாகாவாயிற்று. ரெவின்யூ சிப்பந்திகளிடமிருந்து பிரஜையைக் காப்பாற்றவே போலீஸைப் பிரித்தார்கள் என்பதை நேயர்கள் மனத்திலிருத்த வேண்டும்.

ஏனெனில் 161 வருஷங்களுக்குப் பின் சக்கரம் திரும்பிற்று. 2020 ஜூன் 19-ல் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் பிடிபட்டார்கள். சில தினங்களுக்குள் இருவரும் மாண்டார்கள். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்ட்ரேட் அந்த ஸ்டேஷனின் காமிராப் பதிவுகளைச் சோதித்தார். இயந்திரத்தில் இடம் தாராளமாக இருந்தும், ஒவ்வொரு நாள் பதிவும் தானே அழிந்துபோகும்படி அமைத்திருந்ததைக் கண்டார். சாட்சியங்கள் மறையாதபடி அந்த ஸ்டேஷனை ரெவின்யூ உத்தியோகஸ்தர் வசம் ஒப்புவிக்கும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. எவரிடமிருந்து பிரஜையைக் காக்கப் போலீஸ் பிறந்ததோ, அவருடைய வழிவந்தவரே போலீஸ் ஸ்டேஷனைக் காவல் காக்க வந்தார்! சிவில் மனிதர் ஸ்டேஷனில் உட்காருவது நடவாத காரியமென்பார் இதை நினைக்கட்டும். இரு உயிர்கள் போனபின் செய்ததை முன்னதாகச் செய்வதற்கு என்ன தடை?

ஸ்டேஷன்தோறும் காமிரா வைத்துப் பதிவுகளைப் பதினெட்டு மாதம் காப்பாற்ற வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. இதன் பிறகும் 2022 ஜூனில், தண்டையார்பேட்டைக்கு அடுத்த கொடுங்கையூரில், விசாரணைக்குக் கொண்டுபோன ஒருவர் போலீஸ் காவலில் மாண்டார். நாம் சொல்லும் மானேஜர் இருந்தால் அடியே விழாது என்று வாதிக்க நாம் வக்கீல் தொழிலில் அவ்வளவு துணிச்சல் பெறவில்லை. ஆனால் காமிராவின் சாவி அடிப்பவர் கையில் இராது. அவ்வளவே நாம் கேட்பது.

இவர் கைதியை விசாரிக்கவோ, கேஸ் எடுக்கவோ, விடவோ கூடாது. அது போலீஸாரின் வேலை. அதேபோல் இன்ஸ்பெக்டர் இவரை மாற்றவோ தண்டிக்கவோ கூடாது. சர்க்காரின் உள்துறைக்கே இவர் பொறுப்பாளி. இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிட்டால், ஸ்டேஷனில் இன்னொரு குமாஸ்தாவும், மந்திரி வீட்டுச் சிபார்சுக்கு இன்னொரு நாற்காலியுமே மிஞ்சும்.

வாகனக் குவியலுக்கும் சட்டம் இல்லாமலில்லை. கைப்பற்றிய வண்டிகளைப் படமெடுத்துக்கொண்டு விரைவில் திருப்பிவிட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2002-லேயே சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சொத்தைக் கோர்ட்டில் ஒப்புவித்த பதினான்கு நாளில் அதன் விவரப் பட்டியலும், அதற்குமேல் முப்பது நாளில் அதைப் பற்றிய உத்தரவும் வேண்டுமென்கிறது. நாள் எண்ணிக் கோர்ட்டுக்கு நினைவூட்ட ஆளில்லாததால் ஏடு ஏடாகவும், துரு துருவாகவும் இருக்கின்றன.

நம்மிடம் வந்த லாரிக்காரருக்கு நாலாம் நாள் சாவி கிடைத்தது. வண்டியில் பாட்டரி இல்லை. பறிமுதல் பட்டியலைப் பார்த்தோம். அதில் பாட்டரி இருந்ததென்றும் எழுதவில்லை, இல்லையென்றும் எழுதவில்லை.