பிள்ளையின் காய்ச்சலுக்குப் பிறப்பைப் பழிக்காதீர்

காஞ்சிபுரத்தில் கூலிக்குத் தறி நெய்யும் வீடானாலும், சுற்றுக் கிராமக் காலனியில் கழனி வேலைக்குப் போகும் வீடானாலும், பெற்றோருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்துவிட்டால் பிள்ளைக்கு வரும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஊர் ஒரே காரணம்தான் சொல்கிறது: "அப்பன் ஆத்தாளுக்கு இருந்தது, புள்ளைக்கும் வந்துடுச்சு." பிறப்பை வைத்துத் தீட்டு பார்த்துப் பழகிய சமூகத்துக்கு இந்தப் பேச்சு எளிதாக வருகிறது.

எச்.ஐ.வி. பரம்பரை நோயல்ல, கிருமி. கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் வழியாகத் தாயிடமிருந்து தொற்றலாம். மருந்தே இல்லாவிட்டாலும் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கே தொற்றும். தாயும் குழந்தையும் முறையாக மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றைக் கண்டறிந்தபோது இம்மருந்துகள் இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கலாம். அதனால் சாதாரணப் பரிசோதனை தொற்றில்லாத குழந்தைக்கும் 'இருக்கிறது' என்று காட்டக்கூடும். ஆறாவது வாரத்தில் கிருமியையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனையும், 18 மாதத்தில் இறுதிப் பரிசோதனையும் அவசியம்.

'தொற்று இல்லை' என்று உறுதியான பிறகும் நிமோனியா, காதில் சீழ், வாய்ப்புண் என மாறிமாறி வந்தால்? சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைவு. மரபணுவால் வருவது இதுதான். பெற்றோரின் எச்.ஐ.வி.க்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்தச் சாதியிலும் வரும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணமுடித்தால் சில வகைகளுக்கு வாய்ப்பு கூடும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் இம்யூனோகுளோபுலின் அளவும் முதல் தடயம் தரும். இம்யூனோகுளோபுலின் ஏற்றுதல், எலும்பு மஜ்ஜை மாற்று என்று சிகிச்சையும் உண்டு. "அந்த வீட்டுப் பிள்ளைதானே" என்று தேடாமல் விட்டால், காப்பாற்ற வேண்டிய காலம் கைநழுவும்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். ஆகவே பரிந்துரைக் கடிதத்தை இங்குள்ள அரசு மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டே கிளம்புவோம்.

எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிப் பள்ளியோ மருத்துவமனையோ பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆலோசனைக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையமும், 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. பிள்ளைக்கு என்ன நோய் என்பதைப் பரிசோதனை சொல்லட்டும். ஊர்வாய் சொல்ல வேண்டாம்.