சிறு திரையில் இடம் காணல்



கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உருக்காலை ஒன்றில் பணிபுரியும் தொழிலாளியின் மகன் ஒரு மாலை மடிக்கணினியை ஏந்தி என் இல்லம் வந்தான். மறுநாள் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நிழற்படத்தைச் சிறிதாக்கும் சாளரம் திறக்கிறது; ஆனால் ‘சரி’ என்னும் பொத்தானோ திரையின் அடிவிளிம்புக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. “பெட்டி பழுதாகிவிட்டது, ஐயா” என்றான். பெட்டியில் பழுதேதும் இல்லை.

அது அவன் தமக்கை பள்ளியில் பெற்ற கணினி. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்திலேதான் தொடங்கிற்று. அக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பெட்டி முதுமையடையவே, பையன் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான லினக்ஸ் மேசைத்தளத்தை நிறுவியிருந்தான்.

அதன் திரையில் குறுக்கே 1366 புள்ளிகள். மேலிருந்து கீழே 768 மட்டுமே. திரைப்படம் பார்க்க ஏற்ற வடிவம்; படிக்கவும் எழுதவும் உயரமன்றோ வேண்டும்? அந்த உயரத்திலும் மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை, தலைப்புப் பட்டை, பட்டியல் வரிசை, கருவிப் பட்டை எனப் பங்காளிகள் பலர். எண்ணிப் பார்த்தேன்; கால்பங்குக்கு மேல் அவர்களுக்கே போய்விட்டது. பெரிய திரைமுன் அமர்ந்து நிரல் எழுதுவோர்க்கு இத்துன்பம் எளிதில் புலப்படுவதில்லை. 2007இல் ஏசஸ் நிறுவனம் லினக்ஸுடன் வெளியிட்ட ஈ பிசி என்னும் சிறு கணினியின் 7 அங்குலத் திரையில் உயரம் 480 புள்ளிகளே. அதை வாங்கியோரும் இவ்வாறே திகைத்தனர்.

முதலில் பொத்தானை மீட்டோம். ஆல்ட் விசையை அழுத்தியவாறே சாளரத்தின் எவ்விடத்தையும் சுட்டியால் பற்றி மேலே இழுத்தால், அதன் தலை திரைக்கு மேலே சென்று மறைய, அடிப்பகுதி வெளிப்படும். நோம் தளத்தின் புதிய பதிப்புகளில் ஆல்ட்டுக்கு மாற்றாக விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்துக. ‘சரி’ தென்பட்டதும் பையன் என்னைக்கூட மறந்துவிட்டான்!

விண்ணப்பம் சென்றபின் நிலையான ஏற்பாடுகளைச் செய்தோம். அகலம் மிகுதி, உயரம் குறைவு. ஆகவே மிகுந்ததிலிருந்தே செலவிடவேண்டும். கீழ்ப்பலகையை நீக்கி, மேற்பலகையை இடப்புறம் செங்குத்தாக நிறுத்தினோம். பலகையைத் தானே மறையும்படி அமைக்கவும் வழியுண்டு. ஆனால் சுட்டி விளிம்பைத் தீண்டுந்தோறும் அது எட்டிப் பார்ப்பது எனக்கு எரிச்சலே. சாளரம் திரை முழுதும் விரியும்போது தலைப்புப் பட்டை மறையுமாறு சாளர மேலாளரின் நுண்ணமைப்பில் ஒரு குறியிட்டோம். உலாவியில் எஃப்11 விசை ஏனைய பட்டைகளையும் அகற்றிவிடும். மீண்டும் அழுத்தினால் அவை திரும்பும்.

எழுத்தின் அளவைக் குறைப்பதில் மட்டும் நான் அவனைத் தடுத்தேன். ஆங்கில எழுத்து சிறுத்தாலும் படிக்கலாம். தமிழில் தலைமேல் புள்ளியும் அடியில் உகரச் சுழியும் உண்டு. மிகச் சிறுத்தால் ‘க’வும் ‘க்’கும் ஒன்றெனத் தோன்றும். அவன் எட்டுக்கு இறக்கியிருந்ததைப் பதினொன்றுக்கு ஏற்றிவைத்தேன்; பலகைகளிடமிருந்து மீட்ட இடத்தில் ஒரு பகுதி அதற்கே செலவாயிற்று.