முதல் இடம் யாருக்கு?

கூகுளில் போட்டி போடும் தொழிலில் இத்தனை இன்பமா!

காலையில் கண் விழித்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, செல்போனைக் கையில் எடுக்கிறார்கள் சிலர்.

யார் பேசினார்கள் என்று பார்ப்பதற்கு அல்ல.

"நேற்று 7-வது இடத்தில் இருந்தோம். இன்று எத்தனையாவது இடம்?" என்று பார்ப்பதற்கு!

5-வது இடத்துக்கு ஏறி இருந்தால் ஒரே குதூகலம். 11-வது இடத்துக்கு இறங்கி இருந்தால் அன்று காப்பி கசக்கும்.

இது குதிரைப் பந்தயம் அல்ல. தேர்தலும் அல்ல. கூகுளில் நடக்கும் போட்டி!

என்ன தொழில் இது?

"முழங்கால் வலிக்கு என்ன செய்வது?" என்று செல்போனில் தேடுகிறீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் பதில்கள் வரிசையாக வந்து நிற்கின்றன.

முதலில் உள்ள மூன்று நான்கைப் பார்ப்பீர்கள். பத்தாவது வரை இறங்கிப் போகிறவர்கள் குறைவு. அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்கள் மிக மிகக் குறைவு.

அந்த வரிசையில் ஒரு கடையின் பக்கத்தையோ, கம்பெனியின் பக்கத்தையோ மேலே கொண்டு வருவதுதான் இந்தத் தொழில். "எஸ்.இ.ஓ." என்று மூன்று எழுத்தில் சொல்கிறார்கள்.

காசு கொடுத்து இந்த இடத்தை வாங்க முடியாது. காசு கொடுத்தால் கிடைப்பது விளம்பரம். அதற்குத் தனி இடம் உண்டு.

அப்படியானால் வரிசையைப் போடுவது யார்?

கூகுளின் கம்ப்யூட்டர்கள்தான். லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 1998-ல் தொடங்கிய கம்பெனி அது. அவர்களுடைய யோசனை எளிமையானது. ஒரு டாக்டரைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகச் சொன்னால் நாமும் அவரிடம் போகிறோம் அல்லவா? அதுபோல, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். சுட்டிக் காட்டுவது மதிப்புள்ள பக்கம் என்றால் கூடுதல் மார்க்!

இப்போது இன்னும் பல விஷயங்களைப் பார்க்கிறார்கள். முழு ரகசியத்தையும் வெளியே சொல்வது இல்லை. அதைத் துருவித் துருவிக் கண்டுபிடிப்பதில், துப்பறியும் கதை படிக்கிற சுகம் கிடைக்கிறது.

செருப்பா, காலணியா?

இன்னொரு சுகமும் உண்டு. அது சொல்லைப் பிடிப்பது.

கடைக்காரர் "காலணி" என்று அழகாக எழுதி வைக்கிறார். வாங்க வருகிறவர் "செருப்பு" என்று தேடுகிறார். இரண்டு பேரும் சந்திக்கவே இல்லை! "ஐயா, ஜனங்கள் என்ன சொல்லுகிறார்களோ அதை எழுதுங்கள்" என்று சொல்லி, இரண்டு பேரையும் சேர்த்து வைப்பது இந்தத் தொழில்காரரின் வேலை. ஒரு வகையில் இது கல்யாணத் தரகு மாதிரிதான்.

ஜனங்கள் பேசும் சொல்லைப் பிடித்து, மூழ்க இருந்த கம்பெனியைக் கரை சேர்த்தார் ஒரு அமெரிக்கர்.

பாங்கியில் பணம் இல்லை

அவர் பெயர் மார்க்கஸ் ஷெரிடன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் "ரிவர் பூல்ஸ்" என்ற கம்பெனியின் பங்காளி. வீடுகளில் பைபர் கிளாஸ் நீச்சல் குளம் பதித்துக் கொடுப்பது தொழில். குளத்தைத் தொழிற்சாலையில் ஒரே தொட்டியாகச் செய்து, லாரியில் கொண்டு வந்து, குழிக்குள் இறக்குவார்கள்.

2008-ல் அமெரிக்காவில் பாங்கிகள் ஆட்டம் கண்டன. "வேலை போய்விடுமோ" என்று பயந்தவர்கள் நீச்சல் குளமா கட்டுவார்கள்?

2009 ஜனவரியில், முன்பணம் கட்டியவர்களே "பணத்தைத் திருப்பிக் கொடு" என்றார்கள். மூன்று வாரம் பாங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுத்துக் காலம் தள்ளினார்கள். கம்பெனி இழுத்து மூடப்படும் நிலை.

ஷெரிடன் என்ன செய்தார்? விளம்பரச் செலவை வெட்டினார். "வாடிக்கைக்காரர்கள் இதுவரை நம்மிடம் என்னென்ன கேட்டிருக்கிறார்கள்?" என்று யோசித்தார். அந்தக் கேள்விகளை எல்லாம் எழுதினார். நூற்றுக்கு மேல் வந்தது!

ஒவ்வொரு கேள்வியையும் தலைப்பாக வைத்துக் கொண்டார். இரவில் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கம்பெனியின் இணையதளத்தில் போட்டார்.

"பைபர் கிளாஸ் நீச்சல் குளம் என்ன விலை?"

இது ஒரு கேள்வி. எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். ஆனால் அப்போது கம்பெனிகள் பொதுவாக எழுத்தில் பதில் சொல்வது இல்லை. "நேரில் வாருங்கள், பேசிக் கொள்ளலாம்" என்பார்கள். (நம் ஊரில் மட்டும் வேறு மாதிரியா?)

ஷெரிடன் மறைக்கவில்லை. எதனால் விலை கூடும், எதனால் குறையும், சுமாராக எவ்வளவு ஆகும் என்று எழுதினார். விலையைத் தேடியவர்களுக்கு எல்லாம் கூகுள் அவர் பக்கத்தைக் காட்டியது!

அந்த ஒரு கட்டுரையால் குறைந்தது 17 லட்சம் டாலர் வியாபாரம் நடந்ததாக, 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு அவர் சொன்னார்.

குறுக்கு வழிக்காரர்கள்

எல்லோரும் ஷெரிடன் ஆவார்களா? ஏமாற்றி முன்னே வரப் பார்த்தவர்களும் உண்டு. பெரிய கம்பெனிகளே அகப்பட்டன.

கார் செய்யும் பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் ஜெர்மன் தளம், கூகுளுக்கு ஒரு பக்கத்தையும் மனிதர்களுக்கு வேறு பக்கத்தையும் காட்டியது. 2006 பிப்ரவரியில் கூகுள் அந்தத் தளத்தைப் பட்டியலில் இருந்தே நீக்கியது. அந்தப் பக்கங்களை எடுத்த பிறகு, சில நாளில் திரும்பச் சேர்த்துக் கொண்டது.

அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடை சங்கதி இன்னும் வேடிக்கை. பெட்டி, மெத்தை விரிப்பு, கவுன், எதைத் தேடினாலும் அந்தக் கடையே முதலில் வந்தது. காரணம், கொஞ்சமும் சம்பந்தம் இல்லாத ஏராளமான தளங்கள் அதைச் சுட்டிக் காட்டின. 2011 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. பெட்டி வரிசையில் முதலில் நின்ற கடை, இரண்டே மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது! "எங்களுக்குத் தெரியாது" என்ற கடை நிர்வாகம், அந்த வேலையைப் பார்த்த நிறுவனத்தை நீக்கிவிட்டது.

ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கும் கஷ்டம் உண்டு. கூகுள் திடீர் திடீர் என்று வரிசை போடும் முறையை மாற்றும். நேற்று வரை முதலில் நின்றவன் இன்று எங்கோ கிடப்பான். 2024 மே மாதம் முதல், அமெரிக்காவில் பல கேள்விகளுக்குச் செயற்கை அறிவைக் கொண்டு கூகுளே பதில் எழுதி மேலே போடுகிறது. பிறகு அது மற்ற நாடுகளுக்கும் வந்தது. மேலேயே பதில் கிடைத்துவிட்டால் கீழே யார் வருவார்கள்? இந்தக் கவலை இப்போது இந்தத் தொழிலில் பலரைத் தூங்கவிடவில்லை.

போட்டிக் கடைக்குப் பாராட்டு!

ஷெரிடன் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மாண்டு. "ரிச்மாண்டில் நல்ல நீச்சல் குளக் கம்பெனி எது?" என்று பலர் அவரிடம் கேட்டது உண்டு. அதற்கும் அவர் பதில் எழுதினார். ஐந்து கம்பெனிகளின் பெயரைப் பாராட்டி எழுதினார்.

அந்த ஐந்தில் அவருடைய கம்பெனி இல்லை!

"இது என்ன பைத்தியக்காரத்தனம்? போட்டிக்காரனுக்கு நாமே விளம்பரமா?" என்று கேட்கத் தோன்றும்.

ஆனால், போட்டிக் கம்பெனிகளில் ஒன்றின் பெயரை யாராவது கூகுளில் தேடினால், ஷெரிடனின் இந்தக் கட்டுரையும் கண்ணில் படும். அவர் அதைத் திறப்பார். ஐந்து பெயரையும் படிப்பார்.

படித்து முடித்து நிமிர்ந்தால், அவர் இருப்பது யாருடைய தளத்தில்?