ஏரிக்கரைக் காட்டாமணக்கு

வந்தவாசியை அடுத்த சிற்றூரிலிருந்து அன்பர் ஒருவர், தம் ஆடுகள் ஏரிக்கரையிலுள்ள நெய்வேலிக் காட்டாமணக்கைத் தின்று தலை நடுங்கித் தள்ளாடுகின்றன என்றும், ஓட்டி விரட்டினாலும் அதனையே நாடிச் செல்கின்றன என்றும் எழுதிக் காரணம் கேட்டிருக்கிறார்.

ஏரி உள்ள ஊராருக்கு அந்த இளஞ்சிவப்புப் பூவை வர்ணிக்க வேண்டுவதில்லை. தென்னமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்டு, அழகுக்கென்றும் வேலிக்கென்றும் இத்தேசத்தில் நடப்பட்ட இச்செடி, பெயரில் ஆமணக்காயினும் குலத்தில் நம் வள்ளைக்கீரைக்கும் சர்க்கரைவள்ளிக்கும் உறவு; நீரிலும் கரம்பிலும் ஒருங்கே தழைப்பது.

என் சிந்தையைப் பெரிதும் கவர்ந்தது இதன் விஷமே. ஸ்வைன்சோனின் எனப்படும் அவ்விஷத்தை உண்டாக்குவது செடியன்று, அதனோடு ஒட்டி வாழும் நுண்ணிய பூஞ்சணம்! பூஞ்சணக்கொல்லி இட்ட விதைகளிலிருந்து வளர்த்த செடிகளில் அவ்விஷம் காணப்படவில்லை என்பதை 2013ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று நிரூபித்தது. உயிரணுவுக்குள் சிலவகைச் சர்க்கரைகளைச் சிதைத்து அகற்றும் நொதியை இவ்விஷம் முடக்கிவிடுவதால், எங்கள் பழைய வீட்டு அங்கணத்தின் தூம்பு அடைபட்டபொழுதெல்லாம் கழுநீர் உள்ளேயே தேங்கியதுபோல், கழிய வேண்டியவை நரம்பணுக்களில் தேங்கி அவற்றை வீங்கச் செய்கின்றன. நடுக்கமும் தள்ளாட்டமும் அதன் விளைவே. கோடையில் வேறு பசுமை இன்றி இதனைக் கடிக்கத் தொடங்கும் ஆடு நாளடைவில் இதன்பால் வேட்கை கொள்வதும், அதனைக் கண்டு மற்ற ஆடுகளும் பழகுவதும் பிரேசில் நாட்டு மந்தைகளிலும் காணப்பட்டிருக்கின்றன.

ஆடுகளைக் குறை கூறி என்ன பயன்? குடிமராமத்து என்று ஊரே திரண்டு வரத்துக்கால்வாயைச் செப்பனிட்டு, கோடைதோறும் வண்டலை வாரி வயலுக்கு அடித்த வழக்கம் நலிந்த இடங்களிலெல்லாம், கோரையும் சம்பும் நிற்க வேண்டிய நீர்விளிம்பை இச்செடி கவர்ந்துகொண்டிருக்கிறது. பெயருக்கு வெட்டித் தண்டுகளை நீரிலேயே தள்ளிவிட்டுப் போவது வெட்டாமல் விடுவதினும் கொடிது. கணுவுள்ள ஒரு துண்டு ஈரத்தில் கிடந்தால் போதும், வேர்விட்டு அடுத்த மடையருகே புதராகிவிடும். நீர் வற்றிய காலத்தில் வேரோடு அகழ்ந்து, மேட்டில் பரப்பி, சருகாகும்வரை வெயிலில் காயவிடுவதே முறை.

அன்பர் தம் ஆடுகளை இன்றே அக்கரையிலிருந்து விலக்கி வேறு தழை கொடுத்து வருவாராக. அண்மையில் தின்னத் தொடங்கியவை பெரும்பாலும் தேறிவிடும். நெடுங்காலம் தின்றவற்றின் நரம்புச் சேதம் முற்றிலும் நீங்காதாகையால், அவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது.