கான்சாகிப் யூசுப்கான்: வீரரா, கும்பினியின் கையாளா?



புளியங்குடியிலிருந்து மதுரை சாலையில் வடக்கே போனால் வாசுதேவநல்லூர். அதன் அருகே பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். இந்த மண்ணில் கான்சாகிப் மருதநாயகம் என்ற யூசுப்கானின் பெயரைச் சொன்னால் இரண்டு குரல்கள் எழும். "நம் சமுதாயத்தின் விடுதலை வீரர்" என்று ஒன்று. "பூலித்தேவரை ஒடுக்கிய கும்பினியின் கையாள்" என்று மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

கும்பினிப் படையில்

கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து தன் திறமையால் கமாண்டன்ட் பதவிக்கு உயர்ந்தவர் யூசுப்கான். 1759-இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். 1761-இல் பூலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றினார். இதை நாம் மறைக்கக் கூடாது.

இது முஸ்லிம்–இந்து சண்டையும் அல்ல. ஆற்காடு நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கானே ஒரு கட்டத்தில் பூலித்தேவர் பக்கம் நின்றார். அன்றைய போர் வரி வசூலுக்கும் ஆட்சி உரிமைக்குமானது. மதுரையை நிர்வகித்த யூசுப்கான், மீனாட்சி அம்மன் கோயிலின் பறிபோன நிலங்களைத் திரும்பக் கொடுத்தார் என்பதும் வரலாறு.

எதிர்த்து நின்றபோது

அவருடைய செல்வாக்கு நவாபின் கண்ணை உறுத்தியது. தனக்குக் கீழ்ப்பட்ட ஊழியராகவே அவர் இருக்க வேண்டும் என்றார் நவாப். கும்பினியும் நவாப் பக்கமே சாய்ந்தது. 1763-இல் யூசுப்கான் இருவரையும் எதிர்த்து, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நீண்ட முற்றுகையிலும் கோட்டை விழவில்லை. கடைசியில் உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. கான்சா மேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

நமக்கான பாடம்

தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி குர்ஆன் (4:135) கட்டளையிடுகிறது. முன்னோரைப் பற்றிய பேச்சுக்கும் இது பொருந்தும். பூலித்தேவரைக் கொண்டாடும் பக்கத்து வீட்டாரிடம் நெற்கட்டும்செவலில் நடந்ததை நாமே ஒப்புக்கொண்டு பேசினால், சம்மட்டிபுரத்தின் கதையை அவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். பிள்ளைகளுக்குப் பெருமையை மட்டும் ஊட்டினால், மறுபாதியை நம் மீது வெறுப்புள்ள ஒருவர் வாயிலிருந்து அவர்கள் கேட்க நேரும்.

உண்மையைப் பேசி, அண்டை அயலாரோடு இணக்கமாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.