சராசரியும் படுவான்கரையும்: சுகாதார சேவை மதிப்பீட்டுக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

சுகாதார சேவைகளை மதிப்பிடுதலும் மேம்படுத்துதலும் இன்று பட்டமேற்படிப்புக்குரிய துறையாக வளர்ச்சியுற்றுள்ளன. இலங்கையில் 1980இல் நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவகம் சமுதாய மருத்துவம், மருத்துவ நிருவாகம் ஆகியவற்றில் வைத்தியர்களைப் பயிற்றி வருகிறது. இலக்கிய ஆய்வாளராகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்ற வினா எழலாம். ஓர் இலக்கியத்தை அது தோன்றிய சமூகத்தோடு இணைத்து வாசிப்பது போன்றே, ஒரு புள்ளிவிவரத்தையும் அதனைப் பிறப்பித்த சமூக உறவுகளோடு இணைத்தே வாசித்தல் வேண்டும் என்பது நமது விடையாகும்.

இத்துறையின் அடிப்படைச் சட்டகத்தை 1966இல் அவெடிஸ் டொனபீடியன் வகுத்தளித்தார். அமைப்பு, செயல்முறை, விளைவு என்பனவே அவர் கூறிய மூன்று கூறுகள். கட்டடமும் ஆளணியும் மருந்தும் அமைப்பு. கர்ப்பிணித் தாயின் இரத்த அழுத்தத்தை உரிய காலத்தில் அளப்பது செயல்முறை. தாயும் சேயும் நலமாயிருப்பது விளைவு. ஆயின் சேவையை நாடி வந்தோரை மட்டும் கணக்கிட்டால் வராதோர் மறைந்துவிடுவர்.

கிரானை நோக்குவோம். மட்டக்களப்பு - வாழைச்சேனை வீதியில் அமைந்த இவ்வூரே கோறளைப்பற்று தெற்குப் பிரதேசத்தின் நிருவாக மையம். ஆனால் அப்பிரதேசத்தின் பெரும் நிலப்பரப்பு நீருக்கு அப்பால், படுவான்கரையில், குடும்பிமலை வரை விரிகின்றது. மாரி வெள்ளத்தில் கிரான் - புலிபாய்ந்தகல் வீதி மூழ்கி, மக்கள் படகை நம்பியிருக்க நேர்வது பலமுறை நிகழ்ந்துள்ளது. இத்தகைய பிரதேசமொன்றில் நூறு கர்ப்பிணித் தாய்மார் உள்ளனர் எனக் கொள்வோம். எண்பதின்மர் பதிவுசெய்து, அவர்களுள் எழுபத்தாறு பேர் முழுமையான பராமரிப்பைப் பெற்றால், அறிக்கையில் வெற்றி 95 சதவீதமாகும். உண்மையில் அது 76 சதவீதமே. விடுபட்ட இருபதின்மருட் பெரும்பாலோர் அக்கரையினராயின், அச்சராசரி எதனை மறைக்கிறது என்பது வெளிப்படை.

காரணத்தைத் துணிவதிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். இலங்கையின் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு 20.2 ஆக இருந்து, 1947இல் 14.3 ஆகக் குறைந்தது. டி.டி.டி. தெளித்து மலேரியாவை ஒடுக்கியமையே காரணம் எனப் பலர் கருதினர். ஆனால் மலேரியா குறைவாயிருந்த மாவட்டங்களிலும் இறப்பு வீதம் வீழ்ந்தமையை மீகம போன்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கினை நியூமன் ஐந்தில் இரண்டுக்குச் சற்று அதிகமாகவும், கிரே நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவும் மதிப்பிட்டனர். உணவும் மருத்துவ வசதிகளின் விரிவும் கணக்கிற் சேர்ந்தபோது விடை மாறியது. முன்னும் பின்னும் ஒப்பிடுதல் மட்டும் போதாது, தலையீடு நிகழாத இடத்தோடும் ஒப்பிடவேண்டும் என்பதே இவ்விவாதம் புகட்டும் பாடம்.

மேம்படுத்தற் கலையோ திட்டமிடல், செய்தல், ஆராய்தல், திருத்திச் செயற்படல் என்னும் சுழற்சியைக் கைக்கொள்கிறது. இது தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. அதனாலேயே அதனைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. தாய்மார் கிளினிக் நாளைப் படகு வசதிக்கேற்ப மாற்றி, அக்கரைத் தாய்மாரின் வருகை கூடுகிறதா எனச் சில மாதங்கள் பார்த்துத் திருத்துவது பயனுள்ள முயற்சியே. ஆயினும் கிளினிக் நாளை மாற்றும் அதிகாரம் வைத்தியருக்கு உண்டு. பாலம் அமைக்கும் அதிகாரம் இல்லை. வளப் பங்கீடு அரசியலுக்குரியது. தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் அரிதாகவே கிட்டும் என்றும், சந்தைச் சக்திகள் மேலோங்கும்போது இம்முரண் கூர்மையுறும் என்றும் ஜூலியன் ரியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய வைத்தியரின் கூற்று இது.

எனவே, இக்கல்வி வெறும் முகாமைத்துவப் பயிற்சியாகச் சுருங்கலாகாது. யார் எண்ணப்படவில்லை என்பதே மதிப்பீட்டாளர் எழுப்பவேண்டிய முதல் வினா. மற்றொன்றும் இன்றியமையாதது. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்டு அலுவலகக் கோவையுட் கிடக்குமாயின், மதிப்பிடப்பட்ட மக்கள் வெறும் ஆய்வுப் பொருளாகவே எஞ்சுவர். கிரானுக்கு அருகே வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. மருத்துவரும் சமூகவியலாளரும் மொழியறிஞரும் அங்கு ஒன்றிணைந்து, அம்முடிவுகளைத் தமிழில் அம்மக்கள் முன் வைத்து, அவர்தம் மறுப்பையும் கேட்டுப் பதிவுசெய்வராயின், மதிப்பீடு மக்களின் கையிலும் ஒரு கருவியாகும்.