கையில் கொப்புளம், வாயில் காரணம்

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆண்டுக்கணக்காகச் சீழ்க்கொப்புளங்கள் கிளம்புவதும், பழுப்பேறி வற்றுவதும், பொருக்காக உதிர்வதும், மறுபடி கிளம்புவதுமாக அவதியுறும் வாசகர் ஒருவர், தம் கையைப் பரிசோதித்த வைத்தியர் உடனே வாயைத் திறக்கச் சொன்னது ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

பல்லின் வேரிலோ டான்சிலிலோ பதுங்கியிருக்கும் தொற்று, தூரத்து அவயவங்களையும் பீடிக்கக்கூடும் என்ற கொள்கையைச் சிகாகோ வைத்தியர் பிராங்க் பில்லிங்ஸ் 1912-ஆம் ஆண்டையொட்டிப் பிரசித்தப்படுத்தினார். 1935-இல் நியூயார்க் சர்ம வைத்தியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், அத்தகைய தொற்றை அகற்றியபின் இக்கொப்புளங்கள் அடங்கிய நோயாளிகளைப் பற்றி எழுதினார்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விசித்திரம், அந்தச் சீழில் கிருமியே இல்லை என்பதுதான். மஞ்சளாகத் திரண்டு, குண்டூசித் தலையளவு நிற்கும் கொப்புளத்தைக் குத்தியெடுத்துச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்தாலும், பெரும்பாலும் ஒன்றும் முளைப்பதில்லை. உள்ளே இருப்பவை வெள்ளணுக்களே. எங்கள் ஊரில் மேலத்தெருவில் திருடன் என்று கூச்சல் எழுந்தால், திருடன் எட்டிப்பாராத கீழத்தெருவிலும் தடியோடு ஆட்கள் கூடி அகப்பட்டதையெல்லாம் உடைப்பார்கள். தொண்டையில் உசுப்பப்பட்ட தற்காப்பு அணுக்கள் ரத்தத்தின் வழியே வந்து தோலில் கலகம் செய்வதாக ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கூறுவதும் ஏறக்குறைய இதுவே. தொண்டையில் வலியே இல்லாதவருக்கும் இது நேரலாம். டான்சிலை அகற்றும் சிகிச்சை அந்நாட்டில் இன்றும் கைக்கொள்ளப்படுகிறது.

ஆயினும், நல்ல கொள்கையும் வெறியாக முற்றினால் விஷமாகும். நியூஜெர்சி மாகாணத்து டிரென்டன் மனநோய் மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர், சித்தப் பிரமைக்கும் மறைந்த தொற்றே மூலம் என்று நம்பி, நோயாளிகளின் பற்களைப் பிடுங்கியதோடு அமையாமல் பெருங்குடலையும் அறுத்தெடுக்க, பலர் மாண்டனர். எல்லா நோய்க்கும் ஒரே வேர் தேடும் ஆசை, படித்தவர்களையும் அவ்வாறு குருடாக்கிவிடுகிறது.

எனவே வாசகருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: சொத்தைப் பல்லையும் சீழ்பிடித்த ஈற்றையும் கைக்கொப்புளம் வரும்வரை காத்திராமல் கவனியுங்கள், கொப்புளம் வந்துவிட்டதென்று நல்ல பல்லைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள். இக்கொப்புள நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள். ஆகவே வாயைத் திறந்து காட்டுமுன், அதில் சிகரெட் இருந்தால் முதலில் அதை எறிந்துவிடுங்கள்.